கழுவினவள் மேல் பழி, கழுவாதவன் மேல் பரிவு

சென்ற இதழில் ‘மக்பெத்’ நாடகத்தின் ரத்தக் குறியீட்டைப் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். ஐந்து அங்கங்கள் கொண்ட நாடகத்தில் கட்டுரையாளர் வாசித்திருப்பது, தாராளமாகக் கணக்கிட்டால், ஒன்றரைக் காட்சி. கணவன் கொலை செய்துவிட்டு வரும் காட்சியில் பாதி. மனைவி தூக்கத்தில் நடந்து வந்து கைகளைத் தேய்க்கும் காட்சி முழுதாக. இந்த முதலை வைத்துக்கொண்டு துன்பியல் மரபு மொத்தத்துக்கும் தீர்ப்பு எழுதிவிட்டார்.

தீர்ப்பு இதுதான்: துன்பியல் நாடகத்தில் ரத்தம் என்றால் குற்றம். யார் கையை விட்டு அது போக மறுக்கிறதோ அவரே மூலக் குற்றவாளி. மக்பெத்தின் மனைவி கையிலிருந்து போகவில்லை. ஆகவே பேராசை அவளுடையது. அவன் பாவம், நல்ல போர்வீரன், பெண்டாட்டி பேச்சைக் கேட்டுக் கெட்டான். கணவனைக் கொன்ற கிரேக்கத்துக் கிளைட்டம்னெஸ்ட்ராவும் இதற்குச் சாட்சி. முடிவில் பேராசை தண்டிக்கப்படுகிறது. எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

ஷேக்ஸ்பியர் இவ்வளவு எளிதான ஆளாக இருந்திருந்தால் எல்லோருக்கும் எவ்வளவு வசதி!

முதலில் அவர் தாண்டிப் போன காட்சிக்கு வருகிறேன். சூனியக்காரிகள் வந்து போன பிறகு, இந்த நாடகத்தில் மனிதப் பிறவி ஒன்று பேசும் முதல் வசனமே ரத்தத்தைப் பற்றியது. உடம்பெல்லாம் ரத்தம் வழிய ஒரு படைவீரன் வருகிறான். யார் இவன் என்று மன்னர் டங்கன் கேட்கிறார். அந்த வீரன் போர்க்களச் செய்தி சொல்கிறான். மக்பெத் வாளில் ரத்தம் ஆவி பறக்க, எதிரிகளை வெட்டி வழி உண்டாக்கிக்கொண்டு போனானாம். கலகக்காரனைத் தொப்புளிலிருந்து தாடை வரைக்கும் பிளந்து, தலையைக் கொய்து கோட்டை மதிலில் நட்டானாம். இதைக் கேட்ட டங்கன், அந்தக் கருணையே வடிவான கிழவர், முகம் சுளிக்கவில்லை. பூரித்துப்போகிறார். உறவுமுறை சொல்லிப் புகழ்கிறார். துரோகியிடமிருந்து பறித்த காடோர் பிரபு பட்டத்தை அந்தக் காட்சி முடிவதற்குள் அவனுக்கு வழங்கிவிடுகிறார்.

போர்க்கள ரத்தம் கடமை ரத்தம், அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்கிறார் கட்டுரையாளர். அவர் சேர்க்காவிட்டால் போகட்டும், நாடகம் சேர்க்கிறதே! ரத்தம் சிந்தியதற்குக் கூலி பட்டம் என்பதை மக்பெத்துக்குக் கற்றுக்கொடுத்தது அவன் மனைவியல்ல, அரசன். அந்த அம்மாள் மேடைக்கு வர இன்னும் மூன்று காட்சிகள் பாக்கி. அதற்குள் என்னென்ன நடந்துவிடுகிறது என்று பாருங்கள். சூனியக்காரிகள் ராஜாவாவாய் என்று சொன்ன மாத்திரத்தில் மக்பெத்தின் மனத்தில் ஒரு கொலைக் காட்சி எழுகிறது. மயிர் சிலிர்க்கிறது, நெஞ்சு விலா எலும்பில் மோதுகிறது. அவர்கள் கொலை என்ற பேச்சையே எடுக்கவில்லை. அடுத்த காட்சியில் டங்கன் தன் மகன் மால்கமை வாரிசாக அறிவித்ததும், தன் உள்ளத்து இருண்ட ஆசையை யாரும் பார்த்துவிடாதபடி நட்சத்திரங்களை அணைந்துபோகச் சொல்கிறான். இவ்வளவும் ஆன பிறகுதான் அவள் கையில் அவனுடைய கடிதத்தோடு வருகிறாள். பிறகு அவன் பின்வாங்கும்போது அவள் எடுத்து வீசுவதும் இதைத்தான்: நேரமும் இடமும் கூடிவராதபோதே இந்தப் பேச்சை என்னிடம் எடுத்தது நீதானே. அவன் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

அவளுக்கு ஆசையே இல்லை என்று நான் வாதாடவில்லை. உண்டு, கொள்ளை ஆசை. ஷேக்ஸ்பியர் கதை எடுத்த ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூலிலும் பட்டத்தரசியாகத் துடித்த மனைவி என்று அவள் வருகிறாள். கட்டுரையாளர் இதைப் பெரிய துருப்புச்சீட்டாக இறக்குகிறார். அதே நூலை இன்னும் கொஞ்சம் புரட்டியிருக்கலாம். அரண்மனை விருந்தும், படுக்கையறைக் கொலையும், போதையில் கிடக்கும் காவலாளிகளும் அந்த நூலில் மக்பெத் கதையில் இல்லை. டஃப் என்ற வேறொரு ஸ்காட்லாந்து அரசனின் கதையில் இருக்கின்றன. அங்கே டான்வால்ட் என்ற பிரபு மனைவியின் தூண்டுதலுக்கு இணங்குகிறான். ஆனால் தன் கையால் கொல்வதில்லை, வேலைக்காரர்கள் நான்கு பேரை அனுப்புகிறான். ஷேக்ஸ்பியர் என்ன செய்தார்? அந்த நான்கு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கத்தியைக் கணவன் கையிலேயே கொடுத்தார். மனைவியைத்தான் குற்றவாளியாக்குவது அவர் நோக்கமென்றால் மூலக்கதையை அப்படியே விட்டிருந்தாலே போதுமே. (உண்மையான மக்பெத் 1040இல் டங்கனைப் போரில் வீழ்த்தி அரியணை ஏறிப் பதினேழு ஆண்டுகள் ஆண்டவன். அந்த டங்கன் கிழவரும் அல்லர். அது வரலாற்றுக்காரர்கள் கவலை.)

ரத்தத்தைக் கெட்டிப்படுத்து, இரக்கம் நுழையும் வழியை அடை என்று அவள் தீய ஆவிகளை வேண்டும் இடத்தைக் கட்டுரையாளர் அவளுடைய ராட்சச சுபாவத்துக்கு அத்தாட்சியாகக் காட்டுகிறார். இயல்பிலேயே இரக்கமில்லாதவள் அதை அடைக்கச் சொல்லி ஏன் வேண்ட வேண்டும்? வழி திறந்து கிடப்பதால்தானே கதவுக்கு ஆள் தேடுகிறாள். அந்த வேண்டுதல் பலிக்கவும் இல்லை. தூங்கும் டங்கனின் முகம் தன் தகப்பனைப் போல இருந்ததால் தன்னால் குத்த முடியவில்லை என்று அவளே சொல்கிறாள். இந்த வரியும் கட்டுரையாளர் வாசிக்காத அரைக்காட்சியில் இருக்கிறது.

அடுத்து, குத்துவாள். கொலைக்குப் போகுமுன் மக்பெத்தின் கண்முன் அந்தரத்தில் ஒரு வாள், பிடி அவன் கைப்பக்கமாகத் திரும்பித் தொங்குகிறது. பிடிக்கப் போனால் கைக்குச் சிக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருக்கும்போது, சற்றுமுன் வரை இல்லாத ரத்தத் துளிகள் அதன் அலகில் கட்டிக்கொள்கின்றன. இந்த நாடகத்தில் இல்லாத ரத்தத்தை முதலில் பார்ப்பவன் அவன். அப்போது அவள் பக்கத்தில் இல்லை, கொலையும் நடக்கவில்லை. நடக்காத குற்றத்துக்கு எங்கிருந்து வந்தது குற்றக்கறை? இங்கே ரத்தம் உறுத்தவில்லை, வழிகாட்டுகிறது. டங்கனின் அறைப் பக்கம் அவனைக் கூட்டிக்கொண்டு போகிறது. ரத்தம் என்றால் குற்றம் என்ற சூத்திரம் அந்த இடத்திலேயே படுத்துவிடுகிறது. ரத்தத்தைக் குறிக்கும் சொற்கள் இந்த நாடகத்தில் நாற்பது தடவைக்கு மேல் வருகின்றன. ஒவ்வொரு தடவையும் ஒரே பொருளைச் சுமந்தால் அது நாடகமா, வாய்ப்பாடா?

இப்போது அவர் பாதி வாசித்த காட்சி. மக்பெத் கொலை செய்துவிட்டு வருகிறான். கையில் இரண்டு குத்துவாள்கள். காவலாளிகள் பக்கத்தில் போட்டுவிட்டு வருவதுதான் திட்டம்; மறந்து கையோடு கொண்டுவந்துவிட்டான். அவளும் உடனே கவனிப்பதில்லை. இருவரும் கிசுகிசுத்துக்கொள்கிறார்கள்: நீ பேசினாயா, எப்போது, இறங்கி வரும்போதா? வார்த்தை வார்த்தையாகத் துண்டு துண்டாக உதிர்கிறது. பக்கத்து அறையில் யாரோ தூக்கத்தில் எழுந்து பிரார்த்தனை சொன்னார்கள், என்னால் ஆமென் சொல்ல முடியவில்லை, தொண்டையில் சிக்கிக்கொண்டது என்று புலம்புகிறான். அதற்குப் பிறகுதான் அவள் கண்ணில் வாள்கள் படுகின்றன. கொண்டுபோய் வைத்துவிட்டு வா என்கிறாள். போகமாட்டேன், செய்ததைத் திரும்பப் பார்க்கத் துணிவில்லை என்கிறான். அவள் பிடுங்கிக்கொண்டு உள்ளே போகிறாள். அவள் கை ரத்தமானது அப்போதுதான். அதாவது அவன் தயங்கி விட்ட வேலையை முடிக்கப் போனபோது. வெளியே கதவு தட்டும் சத்தம் கேட்கிறது. அவன் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்: கடல்களெல்லாம் சேர்ந்தாலும் இந்தக் கையைக் கழுவாது, இந்தக் கைதான் கடலையெல்லாம் சிவப்பாக்கிவிடும். திரும்பி வந்தவள் கையும் அதே நிறம். கொஞ்சம் தண்ணீர் போதும் என்கிறாள் அவள்.

அவள் கை நினைவிருக்கும் கட்டுரையாளருக்கு இந்தக் கடல் எப்படி மறந்தது? கழுவினாலும் போகாது என்று முதலில் சொன்னவன் அவன்தானே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். ஒரு சமுத்திரத்தையே மறைத்தவர் இவர்தான்.

1611இல் குளோப் அரங்கில் இந்த நாடகத்தைப் பார்த்த சைமன் ஃபோர்மன் என்ற சோதிட வைத்தியர் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார். மக்பெத்தின் கையில் பட்ட ரத்தம் எப்படியும் போகவில்லை, வாள்களை எடுத்து மறைத்த மனைவியின் கையிலிருந்தும் போகவில்லை, இருவரும் திகைத்துப்போனார்கள் என்று. முதலில் அவன் கை, அடுத்து அவள் கை. நட்சத்திரம் பார்த்துப் பிழைத்த மனிதருக்கு ஒரே தடவை பார்த்ததில் விளங்கியது நம் இலக்கிய விமர்சகருக்கு விளங்கவில்லை.

அதற்குப் பிறகு நாடகம் இருவரையும் இரு திசையில் பிரிக்கிறது. காவலாளிகளைக் கொல்வது அவள் திட்டத்தில் கிடையாது. மறுநாள் காலை அவனே அந்த இடத்தில் முடிவெடுத்துக் கொன்று, அதைக் கோபமும் பாசமும் என்று விளக்குகிறான். டங்கனின் உடலில் ஓடிய ரத்தத்தை வெள்ளித் தோலில் இழைத்த பொன்னாகக் கண்டவன்போல வர்ணிக்கிறான். சக தளபதி பாங்கோவைக் கொல்ல ஆள் வைத்ததை அவளிடம் சொல்வதே இல்லை; காரியம் முடியட்டும், பிறகு பாராட்டு என்கிறான். விருந்து மண்டபத்து வாசலில் கொலைகாரன் வந்து நிற்கும்போது, உன் முகத்தில் ரத்தமிருக்கிறது என்கிறான். பாங்கோவுடையது என்று தெரிந்ததும், அவனுக்குள் இருப்பதைவிட உன் மேல் இருப்பது மேல் என்கிறான். சில இரவுகளுக்கு முன்பு கையைப் பார்த்துக் கடலைக் கூப்பிட்டவன் இவன்தான்! பாங்கோவின் ஆவி ரத்தம் தோய்ந்த தலைமுடியோடு வந்து உட்காரும்போது நடுங்குகிறான், உண்மை. ஆனால் விருந்து கலைந்த பிறகு என்ன பேசுகிறான்? ரத்தத்தில் இவ்வளவு தூரம் இறங்கி வந்துவிட்டேன், திரும்பிப் போவதும் அக்கரை சேர்வதும் ஒரே அலுப்பு, போய்விடலாம். இதில் குற்றவுணர்வு எங்கே? தூரக் கணக்குதான் இருக்கிறது. பேராசையைப் பற்றி ஷேக்ஸ்பியர் சொல்லும் பயங்கரமான விஷயம் இதுதான் என்பேன். கடைசியில் அதில் ஆசைகூட மிச்சமில்லை, நடந்துகொண்டே இருப்பது மட்டும்தான். தன்னை எதிர்க்கும் பிரபு மக்டஃபின் மனைவி மக்களைக் கொல்ல ஆள் அனுப்புவதில் லாபம் எதுவும் இல்லை. மக்டஃப் ஏற்கெனவே இங்கிலாந்துக்குப் போய்விட்டான்.

அந்தச் செய்தியும் யாரைப் போய் உறுத்துகிறது? தூக்கத்தில் நடந்து வருகிறாளே, அவளை. வைத்தியரும் பணிப்பெண்ணும் ஒளிந்து நின்று பார்க்கிறார்கள். இப்படியே கால் மணி நேரம் கை கழுவுவாள் என்கிறாள் பணிப்பெண். அந்தக் கிழவருக்குள் இவ்வளவு ரத்தமா என்று டங்கனுக்காகத் திகைக்கிறாள். ஃபைஃப் பிரபுவுக்கு ஒரு மனைவி இருந்தாளே என்று மக்டஃபின் மனைவியை நினைக்கிறாள். பாங்கோ புதைக்கப்பட்டுவிட்டான், எழுந்து வரமாட்டான் என்று பக்கத்தில் இல்லாத கணவனைத் தேற்றுகிறாள். இந்த மூன்றில் இரண்டில் அவள் கையே கிடையாது. அவன் செய்த கொலைகளுக்கும் சேர்த்து அவள் கழுவிக்கொண்டிருக்கிறாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதை மேடையில் பார்க்க இதைவிட நல்ல காட்சி கிடைக்காது. கட்டுரையாளரோ பழி விழுந்த இடத்திலேயே பாவத்தையும் எழுதிக் கணக்கை முடித்துவிட்டார்.

1785இல் லண்டன் டுரூரி லேன் அரங்கில் சாரா சிடன்ஸ் இந்தப் பாத்திரத்தில் நடிக்க இருந்தபோது ஒரு தகராறு. அதுவரை பெயர் வாங்கிய நடிகை பிரிட்சார்ட் அம்மாள் அந்தக் காட்சி முழுக்க மெழுகுவர்த்தியைக் கையிலேயே பிடித்திருந்தார். ரசிகர்கள் அதற்குப் பழகிவிட்டார்கள். சிடன்ஸ் அதை மேசைமேல் வைத்துவிட்டு இரு கையாலும் கழுவப் போவதாகச் சொன்னார். அரங்க நிர்வாகி ஷெரிடன் அவருடைய ஒப்பனை அறைக்கே வந்து, வேண்டாம், சனம் ஏற்காது என்று மன்றாடினார். சிடன்ஸ் கேட்கவில்லை. கறையைப் போக்கத் துடிப்பவளுக்கு இரண்டு கையும் வேண்டாமா? அன்றிரவு அந்தக் காட்சிக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்துவிட்டு ஷெரிடனே வந்து பாராட்டினார். கழுவுவது என்பது ஒரு வேலை, உடம்பு முழுவதும் ஈடுபடும் வேலை என்று அந்த நடிகைக்குத் தெரிந்திருந்தது. கழுவப் பாடுபடுகிறவளுக்குத்தான் மனசாட்சி மிச்சமிருக்கிறது. கழுவுவதை நிறுத்திவிட்டவனை என்னவென்று சொல்வது? கட்டுரையாளர் நல்ல போர்வீரன் என்கிறார்.

ஃபிராய்டையும் துணைக்கு அழைத்திருக்கிறார். அழைத்தது சரி, வந்தவர் என்ன சொன்னார் என்று கேட்டிருக்கலாம். 1916ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஃபிராய்டு சொல்வது, கணவனும் மனைவியும் ஒரே ஆளுமையின் இரண்டு பாதிகளாகப் பிரிக்கப்பட்டவர்கள் என்று. கொலை இரவில் அவன் பயந்ததெல்லாம் பிற்பாடு அவளுக்குப் பலிக்கிறது. தூக்கத்தைக் கொன்றாய் என்ற குரல் கேட்டது அவனுக்கு, தூக்கம் கெட்டது அவளுக்கு. அவன் முழு முரடாகிறான், அவள் முழுக் கழிவிரக்கமாகிறாள். அதாவது கட்டுரையாளர் கொண்டுவந்த சாட்சி எதிர்த்தரப்புக்குச் சாட்சி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

ரத்தமெல்லாம் தரையில் நின்று பார்த்த பாமர சனத்துக்கு வைத்த மலிவுச் சரக்கு என்று போகிற போக்கில் ஒரு வரி. மலிவுச் சரக்கு அன்றைய லண்டனில் இருந்தது, சந்தேகமில்லை. ‘அல்கஸார் போர்’ நாடகத்துக்கான மேடைக் குறிப்பில் மூன்று குப்பி ரத்தமும் ஒரு ஆட்டின் ஈரல் தொகுதியும் வேண்டுமென்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஷேக்ஸ்பியரே ‘டைட்டஸ் ஆண்ட்ரோனிகஸ்’ எழுதியவர். மேடையிலேயே கையை வெட்டத் தெரிந்தவர். அப்படிப்பட்டவர் டங்கனின் கொலையை மேடைக்கு வெளியே வைத்தார். அந்த ரத்தம் பாய்வதை யாரும் பார்ப்பதில்லை; கைகளை மட்டுமே பார்க்கிறோம். கூட்டத்துக்கு ரத்தம் காட்டுகிறவன் செய்கிற காரியமா இது?

கிரேக்கத்தைப் பற்றி அவர் எழுதியிருப்பதுதான் உச்சம். கி.மு. 458இல் அரங்கேறிய ஈஸ்கிலஸின் ‘ஆரஸ்டியா’வில் கிளைட்டம்னெஸ்ட்ரா கணவன் அகமெம்னானைக் குளியலறையில் கொன்றுவிட்டு ஊரார் முன் வந்து நிற்கிறாள். தன் மேல் தெறித்த ரத்தத்தை விளையப்போகும் பயிர் மேல் விழுந்த மழையாகக் கொண்டாடுகிறாள். எங்கே கறை, எங்கே உறுத்தல்? கப்பல்களுக்குக் காற்று வேண்டுமென்று மகள் இஃபிஜெனியாவைப் பலியிட்டவன் அகமெம்னான். அந்த ரத்தத்துக்கு இந்த ரத்தம் என்பது அவள் கணக்கு. சரி தப்பு வேறு விஷயம். ஆனால் அந்த முத்தொகுதியில் கையிலிருந்து ரத்தம் சொட்டச் சொட்ட வந்து நிற்கும் குற்றவாளி யார் தெரியுமா? தாயைக் கொன்ற மகன் ஆரஸ்டிஸ். டெல்ஃபி கோயிலுக்குள் போன பூசாரிப் பெண் அவன் கைகளைப் பார்த்துவிட்டு, நிற்க மாட்டாமல் தவழ்ந்து வெளியே வருகிறாள். ஆண் கை! பன்றி ரத்தத்தால் அவனுக்குத் தீட்டுக் கழிக்கிறார்கள். பிறகும் பழிதேவதைகள் ரத்த வாடை பிடித்த வேட்டை நாய்களாக ஏதென்ஸ் வரை துரத்துகின்றன. அங்கே அதீனா நீதிமன்றம் கூட்டுகிறாள், வாக்குகள் சமமாக விழுகின்றன, அவன் விடுதலை. அந்த உலகத்தில் ரத்தக்கறைக்குச் சடங்கு இருந்தது, நீதிமன்றம் இருந்தது. மக்பெத் தம்பதிக்கு இரண்டும் இல்லை, ஒரு பாத்திரம் தண்ணீர்தான். இரண்டு நாடகங்களையும் பக்கத்தில் வைத்தால் கேட்க வேண்டிய கேள்வி அது. பெண் புத்தி பின் புத்தி என்பதற்கு ஆதாரம் தேடுகிறவருக்கு அது எப்படிக் கண்ணில் படும்?

இதே கதையைத் தழுவி குரோசாவா 1957இல் ஜப்பானில் எடுத்த படத்தையும் விடவில்லை. அதில் மக்பெத்தின் மனைவிக்கு இணையான அசாஜி, பாத்திரத்து நீரில் கை கழுவும் காட்சியை மட்டும் வெட்டி எடுத்து ஒட்டியிருக்கிறார். அதே படத்தில் கணவனும் மனைவியும் கொலைக்குத் திட்டமிடும் இரவில் ஒதுக்கப்பட்ட ஓர் அறை வருகிறது. பழைய துரோகி ஒருவன் அங்கே தன்னைத்தானே மாய்த்துக்கொண்டான். எவ்வளவு தேய்த்தும் ரத்தக்கறை போகவில்லை. அசாஜி காலடி வைக்குமுன்பே அந்த ரத்தம் அங்கே இருந்தது. இப்போதைய பிரபுவும் தன் எசமானைக் கொன்றுதானே இந்த இடத்துக்கு வந்தார் என்று கணவனிடம் அவள் நினைவூட்டுகிறாள். குரோசாவா கறையைக் கோட்டையில் வைத்தார். நம்மவர் அதைப் பெயர்த்து எடுத்து ஒரு பெண்ணின் விரலில் பூசுகிறார்.

பேராசை தண்டிக்கப்பட்டது என்ற முடிவுரை மட்டும் மிச்சம். நாடகம் எப்படி முடிகிறது? மக்டஃப் ஒரு வெட்டிய தலையோடு வருகிறான். மால்கம் மகிழ்கிறான், புதிய அரசனாகிறான், உடன் நின்ற பிரபுக்களுக்கு உடனே பட்டங்கள் வழங்குகிறான். முதல் அங்கத்தில் ஒரு கலகக்காரனின் தலை, புளகாங்கிதமடைந்த ஒரு அரசன், ஒரு புதுப் பட்டம். கடைசி அங்கத்திலும் அதே மூன்றும். அந்த மால்கம்தான் இறந்தவர்களைக் கசாப்புக்காரன் என்றும் பேய்மகள் என்றும் ஏசுகிறான். வென்றவன் வாயிலிருந்து வந்த வசவில் பின்பாதியைப் பொறுக்கி எடுத்து, முன்பாதியைத் தள்ளிவிட்டு, அதற்கு விமர்சனம் என்று பெயர் சூட்டியிருக்கிறார் கட்டுரையாளர். மால்கமாவது கணவனை விட்டுவைக்கவில்லை.

அடுத்த இதழில் யூரிப்பிடஸின் மெடியாவைப் பற்றி எழுதப்போவதாக அறிவிப்பு வந்திருக்கிறது. இரண்டு குழந்தைகளைத் தன் கையாலேயே வெட்டியவள் மெடியா. அவள் எந்தப் பாத்திரத்து நீரையும் தேடவில்லை, எந்தக் கறையையும் தேய்க்கவில்லை. சூரியன் கொடுத்த தேரில் ஏறி, கணவன் ஜேசனைத் திட்டிவிட்டு ஏதென்ஸுக்குப் போய்விடுகிறாள். யார் கையைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறாரோ அவரே குற்றவாளி என்ற சூத்திரத்தின்படி அவள் நிரபராதி. எப்படிச் சமாளிக்கிறார் என்று பார்க்கலாம்.